பொறுமைக்கு முதல் பரிசு

“நீச்சல் போட்டிக்குப் போறவனுக்கு எதுக்குங்க பொறுமை? பொறுமையா நீந்தினா முங்கிடுவானே!” என்றான் பட்டாசு.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழகிப்போன விஷயம். ஆறு வருடமாகத் துப்பறியும் லென்ஸ் மேடத்துக்கு உதவியாளனாக இருக்கிறான். துக்க வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாதவன் என்பதால் அந்தப் பெயர். மேடத்துக்கு லென்ஸ் என்று பெயர் வந்ததற்கு ஒரே காரணம், அவரிடம் லென்ஸ் கிடையாது என்பதுதான். கைரேகை, பவுடர், ரத்தச் சோதனை எல்லாம் அவருக்கு ஆகாது. “மனுஷங்க பழக்கத்தைப் பாருய்யா, போதும்” என்பார். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு போலீஸ்காரர் கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அது பரிசுக் கோப்பைகளில் எழுத்து வெட்டித் தரும் பட்டறை. முன்னால் கவுண்டர், நடுவில் மெஷின் அறை, பின்னால் பேக்கிங். மெஷின் அறை மேசைமேல் நாற்பது பித்தளைத் தகடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். கோப்பையின் அடியில் திருகு போட்டு மாட்டவேண்டியவை. அவற்றில் இருக்கவேண்டியது ‘பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி’. இருந்ததோ, நாற்பதிலும் ஒரே மாதிரி அழகாக, ‘பொறுமைக்கு முதல் பரிசு’.

“அஞ்சு மணிக்கு நீச்சல் கோச் வண்டியோட வந்து நிப்பார்” என்று முதலாளி கர்ஜித்தார். ஐம்பது வயது, கனமான உடம்பு, காலையிலிருந்து கோபத்தில் இருந்தவர் போல முகம். “நான் அவருக்கு என்ன பதில் சொல்றது? இந்தாங்க, பத்து நிமிஷம் தர்றேன். பார்க்கவேண்டியதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. உங்களை நான் கூப்பிடவே இல்லை.”

“நான்தான் கூப்பிட்டேன்” என்று கவுண்டரிலிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது. “நிதானமா பாருங்க மேடம். அவர் கணக்குல பத்து நிமிஷம்னா ரெண்டு மணி நேரம். கல்யாணமான நாளா எனக்கு அந்தக் கணக்கு பாடம்.”

முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மூலையில் மெஷின் அக்கா நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அந்த மெஷின் அவளைத் தவிர யார் பேச்சையும் கேட்காது. மூன்று வருடமாகத் தினக்கூலி. இன்று மாலை அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்தாவதாக இருந்தது. தட்டச்சு செய்து டிராயரில் தயாராக இருந்தது. இரண்டரை மணிக்கு மெஷின் மூடியைத் திறந்தபோது தகடுகளில் இருந்த தப்பு தெரிந்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அழுது முடித்த கண்களோடு, ஏப்ரனுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, போகாமல் நின்றிருந்தாள்.

“வேலை போனாக்கூடப் பரவாயில்லை மேடம். வேணும்னே பண்ணேன்னு சொல்றாரே, அதை மட்டும் தாங்க முடியலை” என்றாள்.

“வேணும்னேதான் பண்ணியிருக்கா! எனக்குத் தெரியும்!”

“எப்படிங்க தெரியும்?” என்று மேடம் சாதுவாகக் கேட்டார்.

“தெரியும்னா தெரியும்.”

“எதுக்காகப் பண்ணியிருப்பாங்க?”

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது வரைக்கும் சிவந்துபோனார். “அதெல்லாம் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஒரு கப்பையும் காணோம்.”

பேக்கிங்காரர் தலையை நீட்டினார். மெலிந்த மனிதர், தோளில் ரிப்பன் சுருள் தொங்கியது. “எண்பது கப்புக்கு எப்பவும் உபரியா ஒண்ணு அனுப்புவாங்க மேடம். காலையில நானே எண்ணினேன், எண்பத்தொண்ணு. இப்போ எண்பதுதான் இருக்கு.”

பட்டாசுக்கு நின்று நின்று கால் வலித்தது. பக்கத்தில் முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நல்ல நாற்காலி ஒன்று, மேசைமேல் ஒரு ஹெல்மெட். ஹெல்மெட்டை ஓரமாக வைத்துவிட்டு, மேசையில் கையூன்றிக் கொஞ்சம் சாய்ந்து உட்காரலாமே என்று கையை நீட்டினான்.

“அதைத் தொடாதே!”

பட்டாசு துள்ளிக் குதித்துவிட்டான். முதலாளி அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“சரிங்க சரிங்க. உங்க தலை, உங்க ஹெல்மெட்” என்று கையை மேலே தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

மேடம் இதையெல்லாம் கவனிக்காதவர் போல மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி, உள்ளே நாற்பது தகடு அடுக்கும் தட்டு. பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர். படம் இல்லை, பொத்தான் இல்லை; திரையில் ஒரே ஒரு கறுப்பு ஜன்னல், அதில் மின்னிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கோடு. சொல்லவேண்டியதை டைப் அடித்து எண்டர் தட்டவேண்டும். எப்படி அடிப்பது என்பதை மெஷினை அமைத்துக் கொடுத்தவர் நீல மையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

“இது எப்படி வேலை செய்யுதும்மா? இந்தப் பட்டாசுக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“அப்போ மெதுவா சொல்லணுங்க” என்றான் பட்டாசு.

மெஷின் அக்காவின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. வேலையைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் தெம்பு வரும். “காலையில வந்ததும் இந்த ஜன்னலைத் திறப்பேன். எக்ஸ்போர்ட்னு அடிச்சு, வாசகம்ங்கிற பேருக்கு இன்னிக்கு என்ன எழுத்துன்னு சொல்லிடுவேன். அதை இந்த ஜன்னல் மனசுல வெச்சுக்கும். அப்புறம் வெட்டுன்னு சொன்னாப் போதும். வெட்டற புரோகிராம் இந்த ஜன்னல்லேர்ந்து கிளம்பறதால, வாசகம் என்னன்னு அதுக்கும் தெரியும். நூறு தடவை வெட்டினாலும் திரும்பச் சொல்ல வேண்டாம். ஜன்னலை மூடினா மறந்துடும். நான் சாயங்காலம்தான் மூடுவேன்.”

“இதைத்தான் கம்ப்யூட்டர் புத்தகத்துல சூழல் மாறின்னு போட்டிருப்பாங்க” என்றார் மேடம். “வேற ஜன்னல் திறந்தா?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இதோ பாருங்க.” அவள் இன்னொரு ஜன்னலைத் திறந்து, வாசகம் என்ன என்று கேட்டாள். வெற்று வரி ஒன்று வந்தது. அதை மூடினாள்.

“ஆக, மாத்தினவர் யாரா இருந்தாலும் இதே நாற்காலியில உட்கார்ந்து, இதே ஜன்னல்ல மாத்தியிருக்கணும்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்! அவ நாற்காலி, அவ ஜன்னல்!” என்றார் முதலாளி.

“ஏம்மா, மத்தியானம் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கலாமே?” என்று பட்டாசு கேட்டான்.

“காலையில சொன்னதைச் சாயங்காலம் வரைக்கும் மறக்காதுங்க இது. மூணு வருஷமா ஒரு தடவைகூட மறந்ததில்லை. அந்த நம்பிக்கையில தட்டை உள்ளே வெச்சு, வெட்டச் சொல்லிட்டு, காலையில வெட்டின தகடுகளை மாட்டப் பின்னாடி போயிட்டேன்.” அவள் கம்ப்யூட்டரைக் கை காட்டினாள். “திரை சுத்தமா இருந்துச்சு. எனக்கு ஒரு சந்தேகமும் வரலை.”

“சுத்தமா இருந்துச்சா?” மேடம் திரும்பினார். “மத்தியானம் சாப்பிடப் போகும்போதும் அப்படியா இருந்துச்சு?”

அவள் யோசித்தாள். “இல்லீங்க. காலையில அடிச்சதெல்லாம் இருந்துச்சு.”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். “யாரும் இதுவரைக்கும் இதைக் கேட்டீங்களா?”

“எதைங்க?” என்றான் பட்டாசு.

“இதுகிட்ட என்னென்ன சொன்னாங்கன்னு. இது எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும்.”

“நீங்க வர்ற வரைக்கும் என்னைக் கீபோர்டைத் தொடவே விடலையே!” என்றாள் மெஷின் அக்கா.

மேடம் ஒரு சொல் அடித்தார். அன்றைக்கு அந்த ஜன்னலில் அடித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

export VASAGAM="பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி"
./vettu 40
export VASAGAM="பொறுமைக்கு முதல் பரிசு"
./vettu 1
clear
./vettu 40

“ஆறே வரி” என்றார் மேடம். “முழுக் கதையும் இருக்கு. பட்டாசு, நீ படி.”

“முதல் ரெண்டும் அக்கா, காலையில. கடைசி வரியும் அக்கா, சாப்பிட்டு வந்தப்புறம். நடுவுல மூணு வரி…” அவன் தலையைச் சொறிந்தான். “யாரோ வந்து வாசகத்தை மாத்தி, ஒண்ணே ஒண்ணு வெட்டியிருக்காங்க. அப்புறம் திரையைத் துடைச்சிருக்காங்க. ஒண்ணுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? நாற்பதைக் கெடுக்கணும்னா அந்த ஒண்ணு எதுக்கு?”

“நல்ல கேள்வி. இன்னிக்கு நீ சாப்பிட்ட சாப்பாடு வீண்போகலை” என்றார் மேடம். “சரி, ஒரு மணிலேர்ந்து ரெண்டு வரைக்கும் யார் எங்கே இருந்தீங்க?”

மெஷின் அக்கா மொட்டைமாடியில் தனியாகச் சாப்பிட்டாள். பேக்கிங்காரர் பேக்கிங் மேசைக்கு அடியில் வழக்கம்போலத் தூங்கினார். தூக்கத்தில் மெஷின் அரை நிமிஷம் உறுமியதாக ஞாபகம். கனவு என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். முதலாளியம்மா வீட்டுக்குப் போய்வந்தார்.

“நான் என் ரூம்ல இருந்தேன்” என்றார் முதலாளி. “கம்ப்யூட்டர்கிட்டேயே நான் போறதில்லை. எனக்கும் அதுக்கும் ஆகாது.”

“சுத்தமா தெரியாதா?”

“ஒரு எழுத்து தட்டத் தெரியாது.”

மேடம் ரொம்பத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பட்டாசுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். அவனுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் யாருக்கோ நேரம் சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மேடம் திரையில் வாசகம் என்ன என்று கேட்டார். ‘பொறுமைக்கு முதல் பரிசு’ என்று பெரிதாக வந்து நின்றது. பேக்கிங்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டார். “இது இங்கே இருக்கக்கூடாது, போக்கணும். நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்” என்று அவர் குனிந்து சுவர் பிளக்கைப் பிடித்தார்.

“போதும் போதும், பிடுங்கிடாதீங்க! நீ சொல்லும்மா.”

“அன்செட்னு அடிச்சு வாசகத்தை எடுத்துடுவேன். இல்லைன்னா ஜன்னலையே மூடிடுவேன்” என்றாள் மெஷின் அக்கா.

“சரி.” மேடம் இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

இடது காது என்றால், ஓசைப்படாமல் நழுவிப்போய் வாசல் மணியை அடி என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கமில்லை. பட்டாசு பேக்கிங் வழியாக வெளியேறினான், கட்டடத்தைச் சுற்றி ஓடினான், மணியை மூன்று தடவை அழுத்தினான், வந்த வழியே திரும்ப ஓடினான். மூச்சு வாங்க அவன் கதவருகே வந்து எட்டிப்பார்த்தபோது மேடம் பதறிக்கொண்டிருந்தார். அவர் பதறி அவன் பார்த்ததே இல்லை, பிரமாதமாகப் பதறினார்.

“ஐயையோ, நீச்சல் கோச் சீக்கிரமே வந்துட்டார் போலிருக்கே! திரையில இது இவ்வளவு பெரிசா இருக்கே! நேரா உள்ளே வந்துட்டா மானம் போயிடுமே!”

அடுத்த கணம் முதலாளி பாய்ந்தார். மேடத்தைத் தோளால் ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கீபோர்டின்மேல் வைத்து, சுவரில் இருந்த தாளைக்கூடப் பார்க்காமல், ஐந்து எழுத்தைத் தட்டி எண்டரை ஒரு அடி அடித்தார். திரை துடைத்துவிட்டது போல ஆனது. மீதி இருந்தது அந்தச் சின்னக் கோடு மட்டும்தான்.

“அப்பாடா! அழிச்சாச்சு” என்று கையை உதறிக்கொண்டார்.

மெஷின் அக்கா வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒரு எழுத்து தட்டத் தெரியாதவர் அஞ்சு எழுத்து தட்டிட்டாரே” என்றான் பட்டாசு கதவருகிலிருந்து. “அதுவும் ஆறு வரியில அந்த அஞ்சாவது வரியை.”

முதலாளி திருதிருவென்று விழித்தார். மேடம் அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வாசகம் என்ன என்று மெஷினை மறுபடி கேட்டார்.

‘பொறுமைக்கு முதல் பரிசு.’

“ஆ!” முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இது எப்படி? அழிச்சேனே! மத்தியானமும் இப்படித்தானே அழிச்சு…”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை.

“நீங்க துடைச்சது திரையை மட்டும்தாங்க” என்றார் மேடம். “வாசகம் ஜன்னல் மனசுல அப்படியே இருந்துச்சு. நீங்க போனீங்க, இவங்க வந்தாங்க, வெட்டச் சொன்னாங்க. கடைசியா யார் என்ன சொன்னாங்களோ அதை அது வெட்டிக் குடுத்துடுச்சு. அதுக்கு முதலாளி யாரு, தினக்கூலி யாருன்னெல்லாம் தெரியாது.”

முதலாளியின் முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, அசடு வழிய ஆரம்பித்தது. அவர் மெஷின் அக்கா பக்கம் திரும்பினார். “அப்போ… நீ என்னைக் கேலி பண்ணலையா?”

“கேலியா? நானா?”

“நான் எழுதினதை எப்படியோ தோண்டி எடுத்து, எல்லாரும் சிரிக்கணும்னு நாற்பதுலயும் வெட்டிட்டேன்னுல்ல நினைச்சேன்! அழிச்சாச்சுன்னு அவ்வளவு நிச்சயமா இருந்தேன். வேற எப்படி வந்திருக்கும்?”

“சார், அதுல சிரிக்க என்ன இருக்குன்னே எனக்கு இன்னும் புரியலை” என்றாள் அவள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். மூணு வருஷத்துல உங்களை ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கேனா?”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பட்டாசுகூட ஒரு கணம் பரிதாபப்பட்டான்.

“பட்டாசு, இப்போ அந்த ஹெல்மெட்டைத் தூக்கு” என்றார் மேடம்.

இந்த முறை யாரும் தடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்கு அடியில், மேசைமேல், எண்பத்தொன்றாவது கோப்பை பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அடியில் தகடு, கொஞ்சம் கோணலாக மாட்டப்பட்டிருந்தது. திருகு போட்டுப் பழக்கமில்லாத கை.

“யாருக்குங்க இது?” என்று கேட்டது முதலாளியம்மா. மணிச் சத்தம் கேட்டு வாசலில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, எப்போதோ உள்ளே வந்து நின்றிருந்தார்.

முதலாளி கோப்பையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. “போன வாரம் கண் ஆஸ்பத்திரி வாசல்ல உன்னை நிறுத்திட்டு, பத்து நிமிஷத்துல வரேன்னு சொல்லிட்டுப் போனேன்ல…”

“ரெண்டே கால் மணி நேரம்.”

“வந்தப்போ நீ ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா சரியாப் போயிருக்கும். நீ சும்மா வண்டியில ஏறி உட்கார்ந்தே. எனக்குப் பயமாப் போச்சு. அன்னிலேர்ந்து தூக்கமில்லை.” கோப்பையை எடுத்து நீட்டினார். “வாயால சொல்ல வரலை. நமக்குத் தெரிஞ்சது கப்புதானே.”

முதலாளியம்மா கோப்பையை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். மூன்றே சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

“எப்போ குடுக்கிறதா இருந்தீங்க?”

“இன்னும் ஒரு பத்து நிமிஷத்துல…”

பேக்கிங்காரர் ரிப்பன் சுருளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மேடம் சிரித்தார், மெஷின் அக்காகூடச் சிரித்துவிட்டாள். தான் ஒன்றும் சொல்லாமலே இத்தனை பேர் சிரித்தது பட்டாசுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

“முதல்ல அந்தக் கடிதத்தை எடுங்க” என்றார் முதலாளியம்மா. அவர் குரலில் சிரிப்பு இல்லை. “இந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க, எல்லார் முன்னாடியும் கேளுங்க.”

முதலாளி கேட்டார். முனகாமல், முழு வாக்கியமாகக் கேட்டார். கையெழுத்தும் போட்டார்.

மணி நான்கு. கோச் வர ஒரு மணி நேரம். நாற்பது தகடுகள் வீணாகிக் கிடந்தன, புதிதாக இரண்டே இரண்டுதான் பாக்கி. முதலாளிக்கு மறுபடி வியர்த்தது. மெஷின் அக்கா கடிதத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

“இதுக்கு ரெண்டு பக்கம் இருக்குங்க. பின்பக்கம் கப்போட ஒட்டிக்கும், யார் பார்க்கப்போறா?”

நாற்பதையும் கவிழ்த்துத் தட்டில் அடுக்கினாள். வாசகத்தை மறுபடி சொன்னாள். இந்த முறை வெட்டச் சொல்வதற்கு முன்னால் வாசகம் என்ன என்று ஒரு தடவை கேட்டுப் படித்துக்கொண்டாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள். “சார், இனிமே உங்களுக்கு ஏதாவது வெட்டணும்னா என்கிட்ட சொல்லுங்க. தனியா ஒரு ஜன்னல் திறந்து வெட்டித் தர்றேன். முடிஞ்சதும் மூடிட்டா அதுக்கே ஞாபகம் இருக்காது. நானும் யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்.”

ஐந்து மணிக்குக் கோச் நிஜமாகவே வந்தார். எண்பது கோப்பைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு, வேலை ரொம்ப நேர்த்தி என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நீச்சல்காரர்கள் பொறுமைக்கும் சேர்த்துப் பரிசு வாங்கப்போவது அவருக்குத் தெரியாது.

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு கவுண்டர் பக்கம் போனார். “கிளம்பலாமா?”

“நீங்க வாசல்ல நில்லுங்க. பத்து நிமிஷத்துல வரேன்” என்றார் முதலாளியம்மா.

மெஷின் அக்கா போட்டுக்கொடுத்த டீயைக் குடித்து, பேக்கிங்காரரின் சொந்தக் கதையைக் கேட்டு முடித்து, மேடமும் பட்டாசும் வெளியே வந்தபோது மணி ஆறு ஐந்து. வாசல்படி ஓரமாக முதலாளி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டார்.

“இன்னுமா நிக்கறீங்க?” என்றான் பட்டாசு.

“ஒரு மணி நேரம் ஆகப்போகுது” என்றார் அவர் பாவமாக. “உள்ளே ஏதாவது வேலை பாக்கி இருக்கா?”

பட்டாசு கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தான். கவுண்டர் துடைத்தாகிவிட்டது, விளக்குகள் அணைத்தாகிவிட்டது. முதலாளியம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து, மடியில் இருந்த கோப்பையை ஒரு மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவர்கிட்டச் சொல்லுங்க தம்பி, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு.”